விரல் மடங்காத காலையும் அன்றைய கூலியும்

சேலம் செவ்வாப்பேட்டை, சிவதாபுரம் பக்கத்துக் கொலுசுப் பட்டறைகளில் செய்து கொடுத்த வேலைக்குத்தான் கூலி. அம்மாப்பேட்டைத் தறிக்காரருக்கும் நெய்து முடித்த சேலைக்குத்தான் கணக்கு. மேலே ஏற்காட்டில், காபிப் பழம் பறிக்கும் மாதங்களில், பறித்த எடையைப் பார்த்துக் கூலி கொடுக்கும் வழக்கம் உண்டு. மூன்று வேலைக்கும் விரல்தான் முதல். அந்த விரல்களையே குறிவைக்கிற நோய் ஒன்று வந்துவிட்டால்? நோயைக் கட்டுப்படுத்த மருந்து இருக்கிறது, மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மருந்து சாப்பிட்டும் மிச்சமிருக்கிற அசதியோடும், சொல்லாமல் கொள்ளாமல் நோய் கிளம்புகிற நாட்களோடும் வேலையை எப்படி நடத்துவது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிடும் அவசரத்தில் அதற்கு இடமும் இல்லை.

எந்த நோய்களைச் சொல்கிறேன் என்பதை முதலில் தெளிவாக்கிவிடலாம். வயதானபின் முட்டி தேய்ந்து வருகிற வலி வேறு. நான் பேசுவது உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலமே தன் உடம்பைத் தாக்குவதால் வரும் அழற்சி நோய்களைப் பற்றி. ஊர்ப்பக்கம் சரவாங்கி என்று சொல்லப்படும் முடக்குவாதம், தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ், முதுகெலும்பை இறுகவைக்கும் ஸ்பாண்டிலைட்டிஸ், சொரியாசிஸ் என்ற தோல் நோயோடு சேர்ந்து வரும் மூட்டுவாதம், குடலைத் தாக்கும் க்ரோன்ஸ் நோய் எல்லாம் இந்தக் குடும்பம்தான். இவற்றில் பல, சம்பாதிக்கிற வயதில் வருபவை. முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். லூபஸ் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள், அதுவும் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில்.

இவர்களில் பலரும் பொதுவாகச் சொல்கிற குறை அசதி. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன், இந்த அசதியைத்தான் தாங்க முடியவில்லை என்பார்கள். வேலை செய்து வருகிற களைப்பு படுத்தெழுந்தால் போய்விடும். இது தூங்கி எழும்போதே கூட வருவது. எனக்கும் இந்த வகை நோய்களில் ஒன்று உண்டு. குளித்து, தலை துவட்டி, உடை மாற்றுவதற்குள் ஒரு நாள் வேலை முடித்த மாதிரி உட்கார்ந்துவிடுகிற காலைகள் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைச் சோம்பல் என்று வீட்டில் ஒருவர் சொல்லிவிட்டால் அந்த வார்த்தை நோயைவிட அதிக நாள் வலிக்கும்.

சரி, இந்த அசதி எங்கிருந்து வருகிறது? அழற்சி நடக்கும்போது எதிர்ப்பு மண்டலம் சைட்டோகைன் என்ற வேதிப் பொருட்களை வெளிவிடுகிறது. டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 போன்றவை இதில் முக்கியம். இவை மூட்டை வீங்க வைப்பதோடு நிற்பதில்லை. ரத்தம் வழியாகவும் நரம்பு வழியாகவும் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. காய்ச்சல் வந்தால் பசி போய், யாரோடும் பேசப் பிடிக்காமல், போர்த்திக்கொண்டு படுக்கத் தோன்றுகிறதே, அதைச் செய்வதும் இதே பொருட்கள்தான். காய்ச்சலில் அது நான்கு நாளில் முடியும். இந்த நோய்களில் அது மாதக்கணக்கில், குறைந்த அளவில், ஓடிக்கொண்டே இருக்கும்.

அதோடு ரத்தசோகை சேர்ந்துகொள்கிறது. இன்டர்லூக்கின்-6 அதிகமானால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். அது குடலில் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைத்து, ஏற்கெனவே உடம்பில் இருக்கிற இரும்பையும் சேமிப்பிலேயே பூட்டிவைத்துவிடும். முருங்கைக்கீரையும் பேரீச்சையும் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லையே என்று நொந்துகொள்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம். அழற்சி அடங்கினால்தான் அந்தப் பூட்டு திறக்கும். மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிற பெண்களுக்கு உண்மையான இரும்புக் குறைவும் கூடவே இருக்கலாம். அப்போது இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனை மட்டும் பார்த்தால் ஏமாற்றும், ஏனென்றால் அழற்சியே ஃபெரிட்டினை உயர்த்திக் காட்டும். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, வலியால் கெட்ட தூக்கம், மன அழுத்தம் என்று இன்னும் பல காரணங்கள் மேலே மேலே அடுக்கப்பட்டிருக்கும். அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனைகளான ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் நார்மலாக வந்தும் அசதி போகாமல் இருப்பது இதனால்தான். ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, அப்புறம் என்ன என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காலை நேரம் தனியாகப் பேசவேண்டிய விஷயம். முடக்குவாதத்தில் இன்டர்லூக்கின்-6 பின்னிரவில் ஏறி விடியற்காலையில் உச்சத்துக்குப் போகிறது. அழற்சியை அடக்க உடம்பு இயற்கையாகச் சுரக்கும் கார்ட்டிசால் அந்த நேரத்தில் போதுமான அளவுக்கு ஈடுகொடுப்பதில்லை. எழுந்ததும் விரல்கள் மடங்காமல், டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல், அரை மணி, ஒரு மணி, சிலருக்கு அதற்கும் மேலே இறுக்கம் இருப்பது இதனால். பலருக்கும் பத்து, பதினோரு மணிக்குள் அது இளகிவிடும். அப்படியென்றால் காலை எட்டு மணிக்குப் பட்டறையில் கொலுசுக் கண்ணியைக் கோக்க முடியாத அதே ஆள், பதினொன்றிலிருந்து மாலை வரை மற்றவர்களுக்குச் சமமாக வேலை செய்யக்கூடும். வேலை தொடங்கும் நேரத்தைத் தள்ளிவைப்பதைப் போல மலிவான, பலன் தரும் ஏற்பாடு வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. முதலாளிக்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஆனாலும் நேரத்துக்கு வராதவர் என்ற பெயர்தான் முதலில் வந்து சேர்கிறது.

இனி, இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். நோய் கிளம்பிய நாள் எல்லோரையும் முடக்கும்; அன்றைக்குச் செய்ய அதிகமில்லை. உண்மையில் ஆபத்தான நாள் நல்ல நாள்தான். பத்து நாள் முடியாமல் கிடந்துவிட்டு ஒரு காலை உடம்பு லேசாக எழுந்தால், தேங்கிய வேலை முழுவதையும் அன்றைக்கே முடித்துவிடத் தோன்றும். துணி ஊறவைத்து, மாவாட்டி, தறியில் உட்கார்ந்து, ராத்திரி வரை ஓட்டி, மறுநாளும் அதற்கடுத்த நாளும் படுக்கையில். விசைத்தறிக் கூடத்தில் முன்பணம் வாங்கியவர் வாரா வாரம் கூலியில் கழித்துக்கொண்டே இருப்பதைப் போலத்தான் இதுவும். நாளைக்கான தெம்பை இன்றைக்கே வாங்கிச் செலவழித்துவிட்டு வட்டியோடு கட்டுகிறோம்.

இதற்கு மருத்துவர்கள் சொல்வது வேலையைப் பிரித்து, அளந்து செய்வது. சொல்ல எளிது. நடைமுறையில் அதன் முதல் படி, கெட்ட நாளிலும் தன்னால் முடிகிற அளவு எது என்று கண்டுபிடிப்பது. இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் எழுதினால் போதும்: எத்தனை நேரம் தொடர்ந்து உட்கார்ந்தேன், எப்போது கை கனத்தது, மறுநாள் எப்படி எழுந்தேன். முக்கால் மணி நேரத்தில் கை தளர்கிறது என்று தெரிந்தால் அரை மணியில் நிறுத்தவேண்டும். வலித்தபின் ஓய்வெடுப்பது ஏற்கெனவே தாமதம். நல்ல நாளிலும் அதே அரை மணிதான். மனது ஒப்பாது, ஏனென்றால் உடம்பு இன்னும் முடியும் என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஆனால் இப்படிச் செய்கிறவருடைய மாதக் கூலி, ஓடி ஓடி விழுகிறவருடையதைவிடக் குறைவாக இருக்கவேண்டியதில்லை. விழுகிற நாட்கள் குறைவதால் கணக்கு நேராகிவிடும். அளவை ஏற்றுவதாக இருந்தால் சில வாரம் நிலையாக இருந்தபின் கொஞ்சம் கொஞ்சமாக.

எப்போது கூட்டம் சேரும் என்று முன்கூட்டியே தெரிகிற காலங்கள் நம் ஊரில் உண்டு. தீபாவளிக்கு முன்பு சேலை ஆர்டரும் கொலுசு ஆர்டரும் குவியும். ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் வீடு முழுக்க உறவினர், மூன்று வேளையும் சமையல், குகைப் பகுதியில் அலங்கரித்த வண்டிகள் வரும் வண்டி வேடிக்கை பார்க்க ராத்திரி கண்விழிப்பு. திருவிழா முடிந்த வாரம் பல பெண்கள் எழுந்திருக்க முடியாமல் போவதில் ஆச்சரியமில்லை. கொண்டாட்டத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. அதற்கு முந்தின வாரம் வேலையைக் குறைத்து, பிந்தின இரண்டு நாளைக் காலியாக வைத்தால் போதும். காலண்டரில் பண்டிகையைக் குறிக்கும்போதே அந்த நாட்களையும் குறித்துவிடலாம்.

அசதியாக இருப்பவர் படுத்தே இருந்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் தவறு. மிதமான, ஒழுங்கான உடற்பயிற்சி இந்த அசதியைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2022-இல் லான்செட் ருமட்டாலஜி இதழில் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், அழற்சி வாத நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு டெலிபோன் வழியாகவே அவரவருக்கு ஏற்ற உடற்பயிற்சித் திட்டமும், இன்னொரு பகுதியினருக்குச் சிந்தனைப் பழக்கத்தை மாற்ற உதவும் ஆலோசனையும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டில் எதைப் பெற்றவர்களுக்கும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அசதி குறைந்திருந்தது. ஆலோசனை முடிந்து மாதங்கள் கழித்தும் பலன் நின்றது. டெலிபோனில் நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏற்காட்டு மலையிலுள்ள நாகலூரிலிருந்தோ மஞ்சக்குட்டையிலிருந்தோ 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வந்து, டோக்கன் போட்டு, மாத்திரை வாங்கித் திரும்பினால் அந்த ஒரு நாள் பயணமே மூன்று நாள் தெம்பைத் தின்றுவிடும். பிசியோதெரபிஸ்ட் வாரம் ஒருமுறை போனில் பேசினாலே பயன் உண்டு என்றால், மலைக் கிராமங்களுக்கு அதை ஏற்பாடு செய்ய வேண்டாமா?

ஸ்பாண்டிலைட்டிஸ் உள்ளவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அவர்களுடைய முதுகு ஓய்வில் இறுகும், அசைவில் இளகும். பஸ் ஓட்டுகிறவர், கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர் எல்லாம் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்பது அவர்களுக்கு மருந்துக்குச் சமம்.

தொழிலுக்குத் தகுந்தபடி கையைக் காப்பாற்ற வழிகள் உண்டு. கொலுசு வேலையில் சின்னக் குறடை இறுகப் பிடித்தே மணிக்கணக்கில் இருப்பதுதான் விரல் கணுவைக் கெடுக்கிறது. குறட்டின் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கினால் பிடிக்க வேண்டிய பலம் குறையும். ஒரே வேலையைத் தொடராமல் கோப்பது, எடை போடுவது, எண்ணிக் கட்டுவது என்று மாற்றி மாற்றிச் செய்யலாம். தறியில் உட்காரும் உயரம் முக்கியம். தோளைத் தூக்கிக்கொண்டு நெய்பவருக்கு மாலையில் கழுத்தும் தோளும் கல்லாகிவிடும். விசைத்தறிக் கூடத்தில் மூக்கை மூடிக்கொள்வதும் நல்லது. மலேசியாவில் பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு, நெசவுத் தூசிக்கும் முடக்குவாதம் வருவதற்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. வீட்டில் தண்ணீர்க் குடத்தை விரலால் தூக்காமல் முன்கையில் அணைத்துத் தூக்குவது, இரண்டு காது வைத்த பாத்திரம், துணியை முறுக்கிப் பிழியாமல் அப்படியே தொங்கவிடுவது, இவையெல்லாம் சின்ன விஷயம்தான். ஆனால் ஒரு நாளில் இவற்றை நூறு முறை செய்கிறோம்.

மலையில் நிலைமை வேறு மாதிரி. காபி அறுவடை நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை போகும். பனியும் குளிரும் மிகுந்த அதே மாதங்கள். குளிர் இந்த நோயை உண்டாக்குவதில்லை, ஆனால் காலை இறுக்கம் குளிரில் கூடுவதாகப் பலரும் உணர்கிறார்கள். புறப்படும் முன் வெந்நீரில் கையைப் பத்து நிமிடம் வைப்பதும், விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறையும் உதவும். பறிக்கிற பையை ஒரே தோளில் தொங்கவிடாமல் இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். லூபஸ் உள்ளவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. சூரியனின் புற ஊதாக் கதிர் அவர்களுக்கு நோயைக் கிளப்பிவிடும். சேலம் வெயிலுக்குப் பயந்து மேலே போனால் தப்பிவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் என்ற கணக்கில் புற ஊதாக் கதிர் கூடுகிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேகமும் மூடுபனியும் அதை முழுக்கத் தடுப்பதில்லை. உடம்புக்குச் சூடு தெரியாததால் குடையை மறந்துவிடுவதுதான் அங்கே பிரச்சினை.

மருந்துகளுக்கும் அசதிக்கும் உள்ள உறவையும் சொல்லவேண்டும். முடக்குவாதத்துக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் சாப்பிடும் மாத்திரை. தவறிப்போய் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. அதைச் சாப்பிட்ட மறுநாள் பலருக்குக் குமட்டலும் தளர்ச்சியும் இருக்கும். ஞாயிறு விடுமுறை உள்ளவர் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சனிக்கிழமை ராத்திரிக்கு அதை மாற்றிக்கொள்ளலாம். அது முழுதாக வேலை செய்ய 6 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாவது வாரத்திலேயே பலனில்லை என்று நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. குழந்தைக்குத் திட்டமிடுகிற பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி நிறுத்தியாக வேண்டிய மருந்தும் இதுவே.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை அன்றைய கூலியைக் காப்பாற்றும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும். பெயரில்லாத பாக்கெட்டில் விற்கப்படும் வாதப் பொடிகளுக்கு இன்னும் அதிகமாகப் பயப்படவேண்டும். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படிக் கலந்தவை சோதனைகளில் பிடிபட்டிருக்கின்றன. நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர், மருத்துவர் கொடுத்ததாகவே இருந்தாலும், சட்டென்று நிறுத்தக்கூடாது. உடம்பு தானாகக் கார்ட்டிசால் சுரப்பதை மறந்திருக்கும். நிறுத்தினால் மயங்கி விழும் அளவுக்குப் போகலாம்.

நோய் கிளம்பும் நாளுக்கு என்ன செய்வது என்பதை, நன்றாக இருக்கும் நாளில் ஒரு தாளில் எழுதி வைத்துவிடவேண்டும். அசதியும் வலியுமாக இருக்கும்போது மூளை யோசிக்காது. எந்த மாத்திரையை எவ்வளவு கூட்டலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், யாருக்குப் போன் செய்வது, எந்த வேலைகளைக் கைவிடுவது, பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது யார், அன்றைக்குச் சாப்பாட்டுக்கு என்ன வழி, இவ்வளவு இருந்தால் போதும். வீங்கிய மூட்டுக்கு ஐஸ் ஒத்தடம், இறுகிய மூட்டுக்கு வெந்நீர். முழுக்க அசையாமல் கிடக்காமல் மூட்டை மெதுவாக மடக்கி நீட்டவேண்டும். ஆனால் ஒன்று: எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவருக்குக் காய்ச்சல் வந்தாலோ, ஒரே ஒரு மூட்டு மட்டும் சிவந்து கொதித்தாலோ அதை வழக்கமான கிளம்பல் என்று வீட்டில் வைத்திருக்கக்கூடாது. கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

வேலை இடத்தில் சொல்வதா வேண்டாமா என்பது பெரிய கேள்வி. நோயின் பெயரைச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். பெயர் பயமுறுத்தும், பரிதாபத்தைக் கொண்டுவரும், கல்யாணமாகாத பெண் என்றால் ஊர்ப் பேச்சாகவும் ஆகும். என்ன தேவை என்பதைச் சொன்னால் போதும். "அண்ணா, மாசத்துல ரெண்டு மூணு நாள் எனக்குக் காலையில விரல் மடங்காதுங்க. அன்னைக்கு மட்டும் பதினோரு மணிக்கு வந்து, எடை போடுறது, எண்ணிக் கட்டுறது பார்த்துக்கறேன். மத்த நாள்ல கணக்கு குறையாது." இப்படிக் கேட்டால், நல்ல வேலைக்காரரை இழக்க விரும்பாத முதலாளி பெரும்பாலும் யோசித்துப் பார்ப்பார்.

ஆனால் எல்லாவற்றையும் முதலாளியின் மனசுக்கு விட்டுவிட முடியாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. முடக்குவாதம் அந்தப் பெயரில் அதில் இல்லை. மூட்டுகள் நிரந்தரமாகக் கோணிப்போய் இயக்கக் குறைபாடு 40 சதவீதத்தைத் தொட்டால்தான் முழுப் பலன்களும் கிடைக்கும். அதாவது, நோயை நன்றாகக் கட்டுப்படுத்தி மூட்டைக் காப்பாற்றிக்கொண்டு, அசதியோடு வேலை செய்கிறவர் அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு. நோய்க்கால விடுப்பில் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும், சேலத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இருக்கிறது. அதிலும் ஒரு சிக்கல். ஒவ்வொரு முறை நோய்க்கால விடுப்பிலும் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. முந்தின விடுப்பு முடிந்து 15 நாளுக்குள் மறுபடி விழுந்தால்தான் அந்த விதி தளரும். இரண்டு மூன்று நாள் கிளம்பி அடங்குகிற நோய்க்கு இந்த விதி சுத்தமாகப் பொருந்தவில்லை. வீட்டுத் திண்ணையில் கொலுசு செய்கிறவருக்கும் தறி வைத்திருப்பவருக்கும் இ.எஸ்.ஐ.யே இல்லை. கைத்தறி, விசைத்தறித் தொழிலாளர்களுக்கும் பொற்கொல்லர்களுக்கும் நலவாரியங்கள் இருக்கின்றன, கட்டாயம் பதிந்துகொள்ளவேண்டும். என்றாலும் இந்த மாதம் விரல் மடங்காமல் போன மூன்று நாளின் கூலி அங்கேயிருந்து வராது. அளந்து வேலை செய் என்று நோயாளிக்கு மட்டும் அறிவுரை சொல்லிவிட்டு, நோய்க்கால விதிகளை அப்படியே வைத்திருப்பது நியாயமில்லை. விட்டுவிட்டு வருகிற நோய்களுக்கு முதல் நாளிலிருந்தே பணம் என்ற திருத்தத்தைத் தொழிற்சங்கங்கள் கேட்கலாம்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இருந்தாலும் தனியார் கிளினிக்காக இருந்தாலும், அசதியை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் எழுந்திருக்கும்போது சொன்னால் அது பேச்சோடு போய்விடும். பத்துக்கு எத்தனை, எந்த நேரத்தில் அதிகம், எந்த வேலையை விடவேண்டி வந்தது என்று நோட்டில் எழுதியதைக் காட்டுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 பார்த்து எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். தூக்கம் எப்படி, மனசு எப்படி என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மாத்திரை எழுதுவதற்கு முன்னால் இவ்வளவையும் சொல்லிவிட இரண்டு நிமிடம் போதும்.